மாடியிலிருந்து இறங்கி வந்த குழந்தை

மகள் இரண்டாம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண். தாய்க்கு முகத்தைக் காட்டக் கூடாது என்று துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான்தான் கொண்டுபோய்ப் புதைத்தேன். ஒரு மாதம் கழித்து அவள் கேட்டாள், "எப்படிப்பா இருந்தா?" சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், கிரிவலப் பாதையில் மலையை முழுச் சுற்றும் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினேன். பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வி, வாடகை கொடுக்காத ஆள் மாதிரி எங்களோடேயே குடியிருந்தது.

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அமெரிக்க அம்மாள் வாடகைக்கு இருந்தார், அறுபதைத் தாண்டியவர். வெயில் தாங்காமல் ஊருக்குப் போயிருந்தார். மாடியைப் பெருக்கப் போன என் மனைவி ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"வயித்துல புள்ள இருக்கறவ கண்ணு முழிச்சதும் அழகான குழந்தை முகத்துல முழிக்கணும்ங்க. கடையில விக்கிற காலண்டர் குழந்தைங்கள்லாம் பவுடர் டப்பாவுல விழுந்த மாதிரி இருக்குது."

"கேக்காம எடுக்கலாமா?"

"வந்தா குடுத்துட்டுப் போறேன். அவங்க என்ன, இந்த வயசுல புள்ள பெத்துக்கப் போறாங்களா? படம் சுவத்தைப் பாத்துக்கினு கெடந்துச்சு, பாவம்."

மகளின் கட்டிலருகே சுவரில் அதை மாட்டினாள். பழைய எண்ணெய் வண்ண ஓவியம். கறுப்பு கவுன், வெள்ளைத் தொப்பி, உதடு இறுகிய ஒரு தாய். மடியில் சிவப்பு உடுப்பில் குழந்தை. ஒரு காலில்தான் செருப்பு. மற்றது அதன் கையில். நெற்றி பெரியவர்களுடையதைப் போல அகன்றிருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அறையில் எங்கே நின்றாலும் தாய் நம்மைப் பார்த்தாள்; எங்கே நின்றாலும் குழந்தை நம்மைப் பார்க்கவில்லை. கண் பட்டுவிடும் என்று மனைவி அதன் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்தாள்.

மத்தியானங்களில் கரண்ட் போய்விடும். மின்விசிறி நின்றதும் படத்திலிருந்து ஒரு வாடை கிளம்பும், பூட்டிய பெட்டியைத் திறந்தாற்போல. மகள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்தாள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன்: வலது கை வயிற்றின் மேல், விரல்கள் லேசாக விரிந்து, அந்தத் தாயின் கை குழந்தையின் மேல் இருந்த அதே மாதிரி. தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

அமெரிக்க அம்மாள் வீடியோவில் கூப்பிட்டு நலம் விசாரித்தார். மகளுக்குப் பின்னால் சுவரில் படம் தெரிந்திருக்க வேண்டும். பேச்சு பாதியில் நின்றது. சிறிது நேரத்தில் என்னைத் தனியாக அழைத்தார்.

அவருடைய முன்னோர் வீட்டுப் படமாம். காய்ச்சலில் குழந்தை இறந்ததும், ஊர் ஊராகப் போய்ப் படம் வரைகிற ஒருவரை வரவழைத்தார்களாம். இறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாய் உட்கார்ந்திருக்க, அவர் பார்த்துப் பார்த்து வரைந்தார். கண்களை மட்டும் அவராகத் திறந்துவிட்டார். கழற்றிய ஒற்றைச் செருப்பு, இறந்ததற்கு அந்தக் காலத்து அடையாளம். "விட்டுவிட்டு வரவும் மனம் வராது, பார்க்கவும் முடியாது. அதனால்தான் திருப்பி வைத்திருந்தேன்" என்றார்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றே பரிகாரம் தேடிப் புறப்பட்டுவிடுவாள். மறுநாள் அவள் பூ வாங்கப் போனதும், மகள் குளிக்கிற நேரம் பார்த்து ஸ்டூல் மேல் ஏறினேன். சட்டத்தைப் பிடித்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டது போலிருந்தது. அல்லது என் கைதான் ஒட்டிக்கொண்டதா?

"எறங்குப்பா. வுழுந்து வைக்கப் போற."

ஈரத் தலையோடு வாசற்படியில் நின்றாள்.

"இந்தப் படம் இங்க வேணாம்மா. அந்தக் குழந்தை..."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? புள்ளய மடியில வச்சிக்கினு எந்த அம்மா இப்படி உக்காருவா?" கட்டிலில் உட்கார்ந்தாள். "பாக்கவாச்சும் வுட்டாங்க அவளை. எனக்கு அதுவும் இல்ல. நீ ஒருத்தன்தான் பாத்த. சொல்லுப்பா."

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். சொன்னேன். நெற்றி அகலம் என்றேன். உதடு சின்னது, முடி நிறைய என்றேன். அவள் தலையசைக்கத் தலையசைக்க வேகமாகச் சொன்னேன். பாதியில்தான் உறைத்தது, சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடினேன். என் பேத்தியின் முகம் அங்கே இல்லை. சிவப்பு உடுப்பும் திறந்த கண்களும்தான் இருந்தன. எப்போது மாறிப்போனது? கதை எழுதி வார்த்தையால் பிழைக்கிறவன் நான், ஒரு முகத்தைத் தொலைத்திருக்கிறேன்.

"மறந்துட்டேம்மா," என்றேன். "மூஞ்சி வரமாட்டேங்குது. கனம் மட்டும் ஞாபகம் இருக்குது."

அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல நீட்டினாள்.

"எவ்ளோ?"

என் உள்ளங்கைகளை அவள் கைகள் மேல் வைத்து மெல்ல அழுத்தினேன்.

"இவ்ளோவா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம்."