நான் ஏறாத மெட்ராஸ் பஸ்

2006-ஆம் வருடம், தீபாவளிக்கு முந்தின நாள். திருப்பூரில் வீரபாண்டியைத் தாண்டி ஒரு காம்பவுண்டில், ஒற்றை ரூமில் அப்போது நான் குடியிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அன்றைக்கு நான் அடித்த கூத்தைப் பற்றி இத்தனை வருடமாக வீட்டில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பேர் போடாமல் எழுதலாம் என்று பத்திரிகையில் சொன்னதால்தான் இப்போதும் துணிந்து எழுதுகிறேன்.

அந்தக் காம்பவுண்டு ஒரு காலத்தில் தறி ஓடிய ஷெட். தறிகளை எடுத்துவிட்டு, குறுக்கே சுவர் வைத்து, எட்டு ரூமாக்கி வாடகைக்கு விட்டிருந்தார் வீட்டுக்காரம்மா. சின்ன வயசுக்காரர்களுக்குத் தரமாட்டார். "குடிச்சுப்போட்டு வந்து சண்டை கட்டறானுங்க. வயசானவங்கன்னா நேரத்துல லைட்டை அணைச்சுப்போட்டுப் படுத்துக்குவாங்க" என்பார். அதனால் எட்டு ரூமிலும் என்னைப் போன்ற ஆட்கள்தான், முக்கால்வாசிப் பேர் தனிக்கட்டை. பனியன் கம்பெனிகளில் இருபது முப்பது வருடம் உழைத்து, கண்ணோ காலோ ஓய்ந்த பிறகு குறைந்த வாடகைக்கு இடம் தேடி வந்து சேர்ந்தவர்கள். எனக்குக் கால். செக்கிங் டேபிள் முன்னால் நின்று நின்றே முட்டி தேய்ந்துபோனது. பிறகு ரூமிலேயே உட்கார்ந்து, தைத்து வரும் பனியன்களில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காம்பவுண்டுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. யார் வெளியூர் போனாலும் சாவியைப் பக்கத்து ரூமில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆற்றுத் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். சாவி வைத்திருப்பவர் நம் குடத்தையும் பிடித்து வைப்பார், சாயங்காலமானால் ரூமில் லைட்டைப் போடுவார். காலையில் ஏழு மணிக்கு மேல் ஒரு கதவு திறக்காமல் இருந்தால் போதும், பக்கத்து ரூம்காரர் வந்து தட்டிவிடுவார். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. மனுஷி நிம்மதியாகத் தூங்கக்கூடக் கூடாதா என்று முணுமுணுப்பேன்.

எனக்குப் பக்கத்து ரூமில் எழுபது வயதில் ஒரு அக்கா. பொங்கலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலம் போய், புருஷன் போய், தனியாக வந்தவர். என் சாவி அவரிடம், அவர் சாவி என்னிடம். கடைசி ரூமில் ஒரு கட்டிங் மாஸ்டர். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவருக்கோ எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நான் வெட்டிப் போட்ட பிசிறு காற்றில் பறந்து அவர் வாசலில் விழுகிறது என்று ஒருநாள் ஆரம்பித்த சண்டை. கிட்டத்தட்ட ஒரு வருடமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

என் மகன் திருப்பூரில்தான் வளர்ந்தான். கல்யாணமான பிறகு வேலை விஷயமாக மெட்ராஸ் போனான். "கொஞ்சம் பெரிய வீடாப் பார்த்துட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிருதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கெட்ட பிள்ளை என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போன் போடுவான். அப்புறம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆனது. அப்புறம் எப்போதாவது என்று ஆனது. நான் மட்டும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தலை சீவி, நல்ல சேலை கட்டி, கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். பேரனுக்கு ஒன்றரை வயது. ஒரே ஒரு தடவைதான் தூக்கியிருந்தேன். பிள்ளையின் அந்தப் பால் வாசனைக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் வந்தது. சோப்பு வாங்க வந்த அக்கா பக்கத்திலேயே நின்றார். "இந்தத் தடவை இவ அம்மா வீட்டு ஆளுங்க எல்லாம் வாராங்கம்மா. வீடு பத்தாது. பொங்கலுக்குப் பார்ப்போம், சரியா?" என்றான் மகன். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ தெரியவில்லை. செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டேன். "அப்படியா ராசா? தீபாவளிக்கா? எதுக்குய்யா உனக்குச் சிரமம். சரி சரி, மொத நாளு காலையில பஸ் ஏறிருதேன். பிள்ளையக் கேட்டதாச் சொல்லு." போனை வைத்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். "மவன் வரச் சொல்லிட்டாங்க்கா!"

"அட, நல்லதுங் கண்ணு. போயிப்போட்டு வா" என்றார் அக்கா. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் எட்டு ரூமுக்கும் சேதி பரவிவிட்டது. ஆளாளுக்கு வந்து விசாரித்தார்கள். கேட்கக் கேட்க நானும் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொன்னேன். மருமகள் புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள், மகன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிப்போவான் என்று புளுகு வளர்ந்துகொண்டே போனது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சொல்லும்போது எனக்கே அது நிஜம் மாதிரி சந்தோஷமாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. விடியக்காலை கட்டிங் மாஸ்டர் வெள்ளை வேட்டி கட்டி, வெள்ளகோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்கு என்று கிளம்பிப் போனார். நானும் பையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் ஒரு சில்வர் டப்பாவை என் பையில் திணித்தார். "முறுக்குச் சுட்டேன் அம்முணி. கொண்டு போ" என்றார். நானும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் திருப்பூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போனஸ் வாங்கிய கையோடு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஊரே கிளம்பிவிடும். ஜன்னல் வழியாகப் பிள்ளையை உள்ளே அனுப்பி இடம் பிடிப்பார்கள். எல்லோருக்கும் போக ஒரு வீடு இருந்தது. நான் ஒரு தூணோரமாக உட்கார்ந்தேன். திரும்பி ரூமுக்குப் போய்ப் பூட்டிக்கொண்டு கிடக்கலாம் என்றால், சாவி அக்காவிடம். அந்த வழக்கத்தை அன்றைக்கு எத்தனை தடவை சபித்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

பத்து மணிவாக்கில், பேசாமல் நிஜமாகவே போய்விட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. பெற்ற மகன் வீடு, அழைப்பு எதற்கு? எழுந்து போய் மெட்ராஸ் சிறப்புப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் நிறைந்தது. கண்டக்டர் வந்து, "மெட்ராஸ்ல எங்கம்மா எறங்கணும்?" என்றார். நான் போய் வாசலில் நிற்கும்போது மகன் முகத்தில் ஒரு நொடி வரப்போகிற சங்கடம் கண் முன்னால் வந்துவிட்டது. கதவைத் திறந்ததும், "வாம்மா" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி அவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்ப்பானே, அதை நினைத்தேன். அதைப் பார்த்தபிறகு நான் எதை நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருப்பது? "பஸ் மாறி ஏறிட்டேன்ய்யா" என்று சொல்லி இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வந்தது. அந்தக் கூட்டத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நன்றாகவே அழுதேன்.

மத்தியானம் பசி காதை அடைத்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றை ரொப்பினேன். மடியில் முறுக்கு மணத்துக்கொண்டிருந்தது. பேரனுக்கென்று கொடுத்ததைப் பொய் சொல்லி வாங்கி வந்துவிட்டு, அதை நானே தின்பதா என்று மூடியைத் திறக்க மனசு வரவில்லை.

மூன்று மணி இருக்கும். எதிரே வெள்ளகோவில் பஸ் நிற்கிற இடத்தில், ஒரு வெள்ளை வேட்டி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. சரேல் என்று தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டேன். மாஸ்டர்! பேப்பர் மெள்ள இறங்கியது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். பேப்பர் மறுபடியும் மேலே ஏறியது. இப்படியே கொஞ்ச நேரம் அவர் பேப்பருக்குள், நான் முந்தானைக்குள். கடைசியில் அவர்தான் எழுந்து வந்தார்.

"ஏனுங்கம்மா, மெட்ராஸ் பஸ்ஸு அந்தப் பக்கமில்லீங்க நிக்கும்?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வெள்ளகோவிலுக்கு அரை மணிக்கு ஒரு பஸ் போகுதே மாஸ்டர். விடிஞ்சதுலேருந்து ஒண்ணுலகூடவா இடம் கெடைக்கல?" என்றேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டியை நீவி விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "போன வருசமும் இங்கதானுங்க உக்காந்திருந்தேன்" என்றார். மனைவி இறந்த வீட்டில் மருமகனோடு ஒரு வார்த்தை தடித்துவிட்டதாம். அதற்குப் பிறகு மகள் கூப்பிடவும் இல்லை, இவர் போகவும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருடம் மாஸ்டர், மகள் கொடுத்தாள் என்று மைசூர்பாகு கொண்டுவந்து எல்லா ரூமுக்கும் கொடுத்தார். அப்போது நாங்கள் சண்டை போட்டிருக்கவில்லை. கொடுத்து வைத்த மனுஷன் என்று வயிறு எரிய எரிய அதை நான் தின்றேன். "அப்போ அந்த மைசூர்பாகு?" என்றேன். "அந்தா, அந்த பேக்கரிதானுங்க" என்று கை காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்தார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கிளம்பலாமுங்க. கூட்டம், பஸ்ஸு கெடைக்கலைன்னு சொல்லிக்கலாம்" என்றார். டவுன் பஸ் பிடித்து, பொழுது சாய்கிற நேரத்துக்குக் காம்பவுண்டு வந்து சேர்ந்தோம். வராண்டாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. "ஒரே கூட்டமாட்ட இருக்குது" என்று ஒருவர் மட்டும் பொதுவாகச் சொன்னார். அக்கா சாவியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே ரூமுக்கு வந்தார். ரூமில் லைட் எரிந்துகொண்டிருந்தது. குடம் நிறைந்திருந்தது.

அக்கா என் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். கையில் எடுத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "ஏங் கண்ணு, திங்கவேயில்லையா? பகலெல்லாம் பட்டினியாவா உக்காந்திருந்தே?"

"பேரனுக்குன்னு குடுத்தீகளே..." என்று இழுத்தேன்.

"பேரனுக்குன்னு நானெங்க சொன்னேன்? உனக்குத்தானே கட்டிக் குடுத்தேன். பஸ் ஸ்டாண்டுல பசிக்குமில்ல."

எனக்குச் சட்டென்று விளங்கியது. போன் கட்டான சத்தம் பக்கத்தில் நின்ற அக்காவுக்கும் கேட்டிருக்கிறது. பத்து நாளாகத் தெரிந்திருக்கிறது. மருமகள் சேலை எடுத்த கதையை எல்லாம் தெரிந்தே தலையாட்டிக் கேட்டிருக்கிறார். "தெரிஞ்சிருந்தும் ஏங்க்கா என்னைப் போக விட்டீக?" என்று கோபமாகவே கேட்டேன்.

"போகாதேன்னு சொன்னா உனக்கு மூஞ்சி செத்துப் போயிருமில்ல. இந்தக் காம்பவுண்டுல பஸ் ஸ்டாண்டுல போயி உக்காராதவங்க ஆரு? நானு மொத வருசம் பல்லடம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து போட்டு வந்தவதான். எந்திரி, மூஞ்சியக் கழுவு. உனக்கும் மாஸ்டருக்கும் சேர்த்துத்தான் வடைக்கு உளுந்து ஊறப் போட்டிருக்குது."

அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன், "என் மவன் என்னைக் கூப்பிடலக்கா" என்று. இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளாத வார்த்தை அது. அக்கா டப்பாவைத் திறந்தார். என் வாயில் ஒரு முறுக்கை ஒடித்துத் திணித்தார். அழுதுகொண்டே மென்றேன். நல்ல உப்பு, நல்ல காரம். அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன்னாலும் தின்றதில்லை, பின்னாலும் தின்றதில்லை.

மறுநாள் எட்டு ரூமுக்கும் ஒரே அடுப்பில் வெந்நீர் வைத்தோம். அக்கா என் தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். மாஸ்டர் பேக்கரிக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்து, "மக குடுத்தது இல்லீங்க, நானே வாங்குனது" என்று சொல்லிக் கொடுத்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இரண்டு வருடம் கழித்து மகன் பெரிய வீடு பார்த்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றி, என்னை மெட்ராஸுக்கு அழைத்துக்கொண்டான். அக்காவிடம் கடைசியாகச் சாவியைக் கொடுத்தேன். "இதை இனி ஊட்டுக்காரம்மாகிட்டக் குடுத்தரோணும்" என்றார். அடுத்த ஆடியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மாஸ்டர் போன் செய்தார். ஏழு மணிக்கு மேலும் கதவு திறக்காததால் போய்ப் பார்த்தார்களாம்.

இங்கே ஒரு குறையும் இல்லை. மருமகள் தங்கமான பெண். பேரன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். மகன் இதைப் படித்தாலும் அம்மா எழுதியது என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை, தெரியவும் வேண்டாம். ஆனால் வருடா வருடம் தீபாவளிக்கு முந்தின நாள், ஏங்கி ஏங்கி வந்து சேர்ந்த இந்த வீட்டில் இவர்கள் எல்லோரும் சுற்றி இருக்கும்போதே, எனக்கு ஊருக்குப் போகவேண்டும் போல இருக்கும்; ஊர் என்றால் பிறந்த கோவில்பட்டிப் பக்கம் இல்லை, அந்த எட்டு ரூம்தான்.