இங்கன இல்ல ஆத்தா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை மறந்துவிடுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஜெயமங்கலத்தில் ஆடி பிறந்தால் காற்றுக்குப் பைத்தியம் பிடிக்கும். முட்டுக் கொடுத்த வாழையே சாய்ந்துவிடும். தெருவில் ஒரு வீட்டுக் கதவையும் விடாமல் பிடித்து ஆட்டும். அதற்கு எங்கள் பெண்டுகளிடம் ஒரு கதை உண்டு.

மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி மகளை இங்கே கட்டிக்கொடுத்தாளாம். ஆடிக்கு அழைத்துப்போக வந்தாள். மாமியார்க்காரிக்கு அனுப்ப மனசில்லை. கதவைத் திறக்காமலே, "இங்கன இல்ல ஆத்தா, அடுத்த வீடு பாரு" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே பதில். வீடு வீடாகத் தட்டி, நடந்து நடந்து உடம்பு தேய்ந்து, கடைசியில் காற்றாகிப் போனாள். இன்னும் தேடுகிறாள். அதனால் ஆடியில் கதவு ஆடினால், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே நாங்களும் அதையே சொல்லுவோம். காற்று அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று நம்பிக்கை.

வைகாசியில்தான் மகனுக்குக் கல்யாணம் முடித்தோம். மருமகளுக்கு ஊர் வருசநாட்டுப் பக்கம் கடமலைக்குண்டு. ஆடி பிறந்ததும் அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்த மாமியா நல்லா இருப்பாளா அத்தை?" என்று கேட்டாள். அவளை அழைத்துப்போக அவளுடைய அம்மா வரவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முழங்கால் வலி. அவள் ஒத்தடம் கொடுக்கிற கை பழகிவிட்டது. போகாதே என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, நியாயமும் இல்லை.

ஒரு மத்தியானம் காற்று அதிகமாக இருந்தது. மருமகள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு ஆடியது. பழக்கத்தில் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டு, "இங்கன இல்ல ஆத்தா, அடுத்த வீடு பாரு" என்றேன்.

சாயந்திரம் அவளுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே என்னைப் பார்த்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தை, எங்கம்மாவையே காத்துன்னு வெரட்டி விட்டுட்டீகளே! ரெண்டு பஸ் மாறி வந்தாகளாம். நான் வீட்டுல இல்லன்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டாக."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். போனை என் காதில் வைத்தாள். "தட்டுனது காத்துல கேட்டுருக்காது, விடுங்க மதினி," என்றார் சம்பந்தியம்மா. உம் என்று மட்டும் சொன்னேன்.

காற்று கதவை மொத்தமாகத் தள்ளும். அன்றைக்கு ஒரே இடத்தில் தட்டிய சத்தம். கூடவே வளையல் சத்தம். அது என் காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் சொன்னேனா, சொன்ன பிறகு விழுந்ததா? எத்தனை தடவை யோசித்தாலும் முதலாவதுதான் சரி என்று மனசு சொல்கிறது.

மறுநாள் மகன் அவளைக் கொண்டுபோய் விட்டுவந்தான். கிளம்பும்போது, "யாரு தட்டுனாலும் தெறந்து பாருங்க அத்தை, காத்தா இருந்தாலும்," என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். இப்போது கதவு ஆடினால் திறந்துவிடுகிறேன். வீடெல்லாம் புழுதி.

வருசநாட்டுப் பக்கம் இந்தக் கதை உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், சம்பந்தியம்மா காதில் அது காற்றுக்குச் சொன்ன வார்த்தையாக விழுந்திருக்கும். இல்லையென்றால், பெற்றவளுக்கே சொன்ன பதிலாக விழுந்திருக்கும். மருமகளிடம் கேட்க எனக்குக் கூச்சம். கடமலைக்குண்டுப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், ஆடிக் காற்றுக்கு உங்கள் வீடுகளில் என்ன சொல்லுவீர்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள். நான் கதையில் எதையாவது மாற்றிச் சொல்லியிருந்தாலும் திருத்திவிடுங்கள்.