சத்தமில்லாத சக்ஸபோன்

ரிமோட்டை எடுத்ததும் யூஜினி முதலில் அழுத்துவது சத்தத்தை நிறுத்தும் பொத்தானைத்தான். அதன் பிறகே படம். கறுப்பு வெள்ளைத் திரையில் இறகுத் தொப்பிப் பெண்கள் படியிறங்கி வருவார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் வாத்தியங்களை உயர்த்துவார்கள். மேலே, அவர் குடியிருக்கும் நிலக்கீழ் பேஸ்மென்டின் சிறிய யன்னலில் ரூஜ் நகர்ப்பகுதியின் பனி அதே வேகத்தில் விழும். எங்கும் ஓசையில்லை. போர்வைக்குள்ளே அவருடைய வலது கால் பெருவிரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. கணவர் எட்வேட் இறந்ததிலிருந்து கறுப்புச் சட்டைதான். வருடம் திரும்பும்வரை துக்க வீட்டார் பாட்டுக் கேட்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் வானொலி பாடும் என்பதால், யந்திர இரைச்சலுக்காகக் கொடுத்த காதடைப்பைக் கழற்றாமலே சாண்ட்விச் தின்பார். ஏன் என்று கேட்டால், "காது குளிருது," என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து எட்வேட்டின் தமக்கை கிளடிஸ் வருவார், வழக்கம் பிசகவில்லையே என்று பார்க்க. முதல் தடவை திரையில் நடந்த கூத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன யூஜினி உது? தம்பி போய் மூண்டு மாசம்கூட ஆகேல்லை."

"கேக்கத்தானே கூடாது மச்சாள். நான் பாக்கிறன்."

கிளடிஸ் யோசித்தார். குற்றம் அகப்படவில்லை. செபமாலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மணிகள் நகர்ந்தன, கண் திரையைவிட்டு நகரவில்லை.

எட்வேட் பகலில் லொறி ஓட்டினார். சனிக்கிழமைகளில் கலியாண மண்டபங்களில் சக்ஸபோன் வாசித்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில் பழைய ஜாஸ் பாட்டுகளில் விழுந்து, பிறகு எழும்பாத மனிதர். "பாட்டுத்தான் முதல் பிறந்தது, டார்லிங். சனமெல்லாம் முணுமுணுத்த பிறகுதான் அதுக்கொரு கதை கட்டிப் படம் எடுத்தவங்கள்," என்பார். அந்த டார்லிங்கும் அப்படங்களில் பொறுக்கியதுதான். கிளடிஸுக்கு முன்னாலும் அப்படியே கூப்பிட்டு மனைவியை வெட்கத்தில் கொல்லுவார். தாளத்தில் மட்டும் கொஞ்சம் பிந்துவார். "எட்வேட் அண்ணை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை பொம்பிளையும் மாப்பிளையும் சாப்பிட்டு வீட்டை போயிடுவினம்," என்று இசைக்குழுவில் பகிடி பண்ணுவார்கள்.

யூஜினி யாருக்கும் சொல்லாதது ஒன்று உண்டு. சத்தமில்லாத படத்தில் சக்ஸபோனை உயர்த்துகிறவர் யாராக இருந்தாலும், ஊதுவது எட்வேட்தான். சத்தம் வந்தால் அங்கே வேறொருவன் வாசிப்பான். எட்வேட் இரண்டாம் முறை செத்துப்போவார்.

போன சனிக்கிழமை ஆண்டுத் திருப்பலி முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் கிளடிஸ் ஓர் ஊதாச் சேலையை யூஜினியின் மடியில் வைத்தார். யூஜினி போர்வையை இழுத்துக்கொண்டு வழக்கம்போல் ஓசையின்றிப் படத்தைப் போட்டதும், கிளடிஸ் சோபாவில் சாய்ந்து, "இனிச் சத்தத்தைப் போடும்," என்றார்.

"பற்றறி போயிட்டுது மச்சாள்."

"பற்றறி போன ரிமோட்டுக்குப் படம் மட்டும் எப்பிடி வந்தது?"

யூஜினி ரிமோட்டைச் சேலைக்கடியில் ஒளித்தார்.

"இவ்வளவு நாளும் வாயசைவை மட்டும் பாத்துக்கொண்டிருந்திட்டன்," என்றார் கிளடிஸ். "அவன் என்னத்தைக் கேட்டு உப்பிடி விசராயிருந்தவன் எண்டு எனக்கும் தெரியவேணும்."

யூஜினி அந்த முகத்தையே பார்த்தார். எட்வேட்டின் மூக்கு, எட்வேட்டின் ஈரக் கண். பிறகு ரிமோட்டை வெளியே எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

பேஸ்மென்ட் முழுவதும் சக்ஸபோன் பொங்கியது. ஒரே துள்ளல், கூரையில் மழை சொரிவதுபோல் ஆடும் காலடிகள். எட்வேட்டின் மூச்சு அதில் இல்லை. போர்வைக்குள் பெருவிரல் நின்றுவிட்டது. கிளடிஸ் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் பாட்டு விறுவிறுவென்று ஓடியது. பெருவிரல் மறுபடி அசையத் தொடங்கியது, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் பிந்தி.