சட்டைப் பாக்கெட்டுல இருந்த பதில்

ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். ஆனா இன்னிக்கு என் வாயில முதல்ல மன்னிப்புதான் வருது. என் மருமவ எஸ்தருக்கு ஒரு கிட்னி கிடைக்கணும்னு இந்த சபையில ஒரு வருஷத்துக்கு மேல வெள்ளிக்கிழமை தவறாம உபவாசம் இருந்தீங்க. மாத்திரை போடுற வயசானவங்க கூட மத்தியானம் வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கல. அத்தனையும் நான் சொன்ன ஒரு பொய்ய நம்பி இருந்தீங்க. அதைச் சொல்லத்தான் இங்க நின்னுகினு கீறேன்.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன். என் பேரு பாக்கியம். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் ரோட்டுல, ஹார்பருக்குள்ள போக டிரெய்லருங்க வரிசை கட்டி நிக்குமே, அங்க டிபன் கடை போட்டுகினு கீறேன். வூட்டுக்காரரு போய் சேந்து ரொம்ப நாளாச்சு. ஒரே பையன் டேனியலு. காட்டுப்பள்ளி ஹார்பருக்கு கன்டெய்னர் ஓட்டறான்.

எஸ்தருக்குப் பிரசவத்துலயே பிரஷர் ஏறிச்சு. யாரும் பெருசா எடுத்துக்கல, நானும் எடுத்துக்கல. புள்ளைக்கு நாலு வயசு ஆவறப்போ அவளுக்கு முகம் வீங்கி, காலு வீங்கி, மூத்திரம் போறதே கொறஞ்சு போச்சு. ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சுன்னு கவர்மென்ட் ஆஸ்பத்திரில சொன்னாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு டயாலிசிஸ். குடிக்கிற தண்ணிக்குக் கூட அளவு. சித்திரை வெயில்ல ஒரு ஐஸ் கட்டிய வாயில அடக்கிகினு செவுத்தப் பாத்து படுத்துகினு இருப்பா. அந்தக் கண்றாவிய நான் தினம் பாத்தேன்.

வூட்டுக்காரரைக் கூட்டிகினு வாங்க, அவரு கிட்னி குடுக்க முடியுமான்னு டெஸ்ட் எடுக்கலாம்னு டாக்டரம்மா எஸ்தராண்ட சொல்லி அனுப்பினாங்க. டேனியலைக் கடைக்குப் பின்னாடி இட்டுகினு போனேன். "ஆம்பளடா நீ. அம்மாம் ஒசரம் ஏறி எறங்கற வண்டி. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனா இந்தக் குடும்பம் இன்னா ஆவறது?"ன்னேன்.

அவன் தலையத் தொங்கப் போட்டுகினு, "அவளுக்கு இன்னா மா பதில் சொல்றது?"ன்னான்.

"நான் சொல்லிக்கறேன் நைனா. நீ வாயத் தொறக்காத."

அவன் ஏற்கெனவே பயந்துதான் இருந்தான். அந்தப் பயத்துக்கு தண்ணி ஊத்தி வளத்தது நான். சாயங்காலம் எஸ்தராண்ட போய், "வெளிய லேப்ல டெஸ்ட் எடுத்தாச்சுமா, மேட்ச் ஆவலையாம்"னேன். அவ, பக்கத்துல சாப்டுகினு இருந்த டேனியலையே பாத்தா. அப்பறம், "வுடுங்க, நீங்க இன்னா பண்ணுவீங்க"ன்னா. அவன் தட்டுல கைய கழுவிட்டு எழுந்து போய்ட்டான்.

இன்னொண்ணும் கீது. சொல்ல நாக்கு கூசுது. அதுக்கு முந்தின வருஷம் நம்ம லில்லி சிஸ்டர் தன் புருஷனுக்கு கிட்னி குடுத்தாங்க. இதே மைக்கப் புடிச்சிகினு, "பொண்டாட்டின்னா இப்டி இருக்கணும்"னு பேசினது நான்தான். எல்லாரும் கை தட்டினீங்க. புருஷன்னா எப்டி இருக்கணும்னு அன்னிக்கு எனக்குத் தோணவே இல்ல.

எஸ்தர் டயாலிசிசுக்குத் தனியாதான் போவா, தனியாதான் வருவா. போன மழைக்காலத்துல ஒரு நாளு ரோடெல்லாம் தண்ணி. அவளுக்கும் நிக்க முடியாம தலை சுத்தல். சரின்னு கடைய மூடிட்டு நான் கூடப் போனேன். அதான் முதல் தடவை. அவள மிஷின்ல போட்டதும் நான் வெளிய வராண்டா பெஞ்சில குந்தினேன். பக்கத்துல என் வயசுல வியாசர்பாடி அம்மா ஒருத்தங்க, மடியில ஃபைல வச்சிகினு இருந்தாங்க. "நீங்க யாருக்குக் குடுக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. பஸ்ஸுல, எங்க எறங்கணும்னு கேப்பாங்களே, அந்த மாதிரி.

அவங்க பையனுக்குக் குடுக்கப் போறாங்களாம். எதிர்ல இருந்த பொண்ணு புருஷனுக்கு. தூணாண்ட நின்னவ தம்பிக்கு. நான் குடுக்க வரலம்மா, என் மருமவ பேரு, செத்தவங்க கிட்னிக்குக் காத்திருக்கற லிஸ்ட்ல கீதுன்னேன்.

"அவ வூட்டுக்காரரு?"

"மேட்ச் ஆவல."

அந்தம்மா பெருமூச்சு வுட்டாங்க. "இன்னாவோ, இங்க பொண்ணுங்களுக்கு மட்டும் யாருமே மேட்ச் ஆவ மாட்டேங்கறாங்க"ன்னாங்க. என்னைக் குத்தம் சொல்லல, பாவம், அவங்களுக்கு இன்னா தெரியும். எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

மாடிப்படியாண்ட போய் நின்னு ஜெபம் பண்ணேன். எப்பவும் போல, "ஆண்டவரே, எங்கனா ஒரு கிட்னி குடும்"னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல கேக்க வெக்கமா இருந்துச்சு. கடைசில, "பொய் சொன்ன இந்த வாயாலயே நெசத்தையும் சொல்லவையும்"னு மட்டும் கேட்டேன். என் ஆயுசுல நான் பண்ண முதல் உண்மையான ஜெபம் அதுதான்.

அன்னிக்கு சாயங்காலமே கர்த்தர் பதில் குடுத்தார். எஸ்தர் கீழ குந்தி டேனியலோட சட்டைய மடிச்சிகினு இருந்தா. அவன் வாசல்ல இருந்தான். நான் அவ முன்னாடி போய் உக்காந்து, "டெஸ்ட்டே எடுக்கலம்மா. நான்தான் தடுத்தேன்"னு சொல்லிட்டேன்.

அவ மடிக்கறத நிறுத்தல. "தெரியும் அத்தை"ன்னா.

"எப்டி?"

"அவரு சட்டையத் துவைக்கறது நான்தானே. ஹார்பருக்குள்ள போக காட்டற பாஸு பாக்கெட்லயே இருக்கும். ரத்த குரூப்பு போட்டிருக்கு. ஓ பாசிடிவ். என் ஃபைல்லயும் அதான். நீங்க மேட்ச் ஆவலன்னு சொன்ன அன்னிக்கே, டெஸ்ட்டுக்குப் போகலன்னு அவரு மூஞ்சியே சொல்லிச்சு."

"அப்பவே ஏம்மா எங்களைக் கேக்கல?"

"கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டாருன்னா? அதுக்கப்பறம் நான் எப்டி அத்தை இந்த வூட்டுல இருக்கறது? அதான் ஜெபத்துல மட்டும் கேட்டுகினு இருந்தேன்."

சபையாரே, அந்த ஒரு வருஷமும் நான் முன்னாடி முழங்கால் போட்டு கிட்னி குடும்னு அழுதேன். அவ எனக்குப் பின்னாடி உக்காந்து, எல்லாம் தெரிஞ்சே ஆமென் சொன்னா.

வாசல்ல இருந்த டேனியலு உள்ள வந்து அவ காலாண்ட குந்திட்டான். பயமா கீதுன்னு சொல்லி அழுதான். அவ, "எனக்கும்தான்"ன்னா. மறுநாளு ரெண்டு பேரும் ஒண்ணாப் போனாங்க. நானும் ஓடினேன். என்னுத எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். எனக்கு சக்கரை கீதுன்னு ஆரம்பத்துலயே தள்ளிட்டாங்க. எந்தப் புள்ளைய ஒளிச்சு வச்சேனோ அவனைத்தான் கர்த்தர் கேட்டார்.

டெஸ்ட்டுக்கு மேல டெஸ்ட்டு, நாலஞ்சு மாசம் ஓடிச்சு. எல்லாம் மேட்ச் ஆச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அளவு பாக்காம குடிக்கலாம்னு டாக்டரம்மா சொன்ன அன்னிக்கு, ஒரு டம்ளர் தண்ணிய நான்தான் அவ கையில குடுத்தேன். ஒரே மூச்சுல குடிச்சிட்டு இன்னொண்ணு கேட்டா. டேனியலும் நல்லா கீறான். கொஞ்ச மாசம் வண்டி ஓட்ட வேணாம்னாங்க, இப்ப ஓட்டறான். நான் பயந்தது ஒண்ணும் நடக்கல.

உங்களாண்ட ஒண்ணு கேக்கறேன். உங்க வூட்டுலயும் ஒரு பொண்ணு நோவுல படுத்துகினு இருக்கலாம். அவளுக்காக முழங்கால் போடுங்க, கர்த்தர் கேக்கறார், நான் சாட்சி. ஆனா அவரு கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி, அந்த வூட்டு ஆம்பளய ஒரு வார்த்தை கேளுங்க. அவனைத் தடுக்கற தாய் நீங்களா இருந்தா, என்னைப் பாத்து திருந்திக்கோங்க.

இப்ப டேனியல் சட்டைய நான்தான் துவைக்கறேன். பாஸை எடுத்து ஜன்னல் மேல வைப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாது. எஸ்தராண்ட கேட்டு அந்த ரத்த குரூப்பு எழுத்து எங்க கீதுன்னு தெரிஞ்சிகினேன். தினம் அதைப் பாத்துட்டுத்தான் சட்டைய தண்ணியில முக்குறேன்.