பட்டியல் வருமுன்

இசக்கிசெல்வி எந்தக் காகிதத்துக்கும் மூன்று செராக்ஸ் வைத்திருப்பாள். ரேஷன் கார்டு, லைட் பில், மகன் சுதனின் பிறப்புச் சான்று, அவனுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எல்லாமே மும்மூன்று. "எமன் வந்தாலும் இவ மூணு செராக்ஸக் காட்டிட்டு, என் டோக்கன் நம்பர் எத்தனைன்னு கேப்பா" என்பார் அவள் கணவர் நயினார். வடாலாவில் டெம்போ ஓட்டுகிறவர். அந்தக் கேலிக்கு முன்பெல்லாம் அவளும் சிரிப்பாளாம்.

தாராவியில் என் மாமா வைத்திருக்கும் தையல் பட்டறையில் அவளுக்கு வேலை. தைத்து முடித்த ஸ்கூல் சட்டைகளில் தொங்கும் நூலைச் சின்னக் கட்டரால் நறுக்க வேண்டும். நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திலக் நகர் வீட்டுக்குத் திரும்பியிருந்த நேரம் அது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பட்டறைக்கு வந்து ஆர்டர் மெயில்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம் நீட்டுவாள். "தங்கச்சி, இதுல என்ன போட்டிருக்கான், பாரு."

அவள் பிறந்தது தாராவியின் லேபர் கேம்ப் குடிசைப் பகுதியில். பதினோரு வயதில், ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்காக அப்பா அம்மாவுடன் திருநெல்வேலிப் பக்கம் போனாள். எட்டு நாள். அந்த எட்டு நாளில்தான், குடிசைகளுக்குப் பதில் அரசு கட்டித்தரும் வீடுகளுக்காக, சர்வேக்காரர்கள் சந்துக்கு வந்து வீட்டுக்கு வீடு சுவரில் நம்பர் எழுதினார்கள். இவர்கள் வீட்டை மட்டும் 'பூட்டியிருந்தது' என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் அப்பா ஒன்பது வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். எல்லாக் காகிதமும் இருந்தது. சர்வே நாளில் ஆள் இல்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனதை இவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் வீட்டைப் பூட்டியதே இல்லை. அறிவிப்பு வந்த பின் போய் நிற்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

சுதனுக்கு ஆறு வயது. அவனுக்கு வந்தது நியூரோபிளாஸ்டோமா. சிறுநீரகத்துக்கு மேலே தொடங்கும் புற்றுநோய். மிகச் சில குழந்தைகளுக்கே வருவது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது. கடைசியாக டாக்டர் தினம் ஒரு கீமோ மாத்திரை கொடுத்தார், வீட்டிலேயே சாப்பிடுவதற்கு. அடுத்தடுத்த இரண்டு ஸ்கேனிலும் கட்டி வளரவில்லை. குணமாகவில்லை, ஆனால் அடங்கி இருக்கிறது என்றார் டாக்டர். வாந்தி மட்டும் நிற்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், இப்படி நோயுள்ள பிள்ளைகளை வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. இதே நோய்க்கு வெளிநாட்டில் சோதனையில் இருக்கும் ஒரு மருந்துக்கு 'ஆர்ஃபன் டிரக்' தகுதி கிடைத்திருக்கிறது. அவள் போனை என் மேஜையில் வைத்தாள்.

நான் விளக்கினேன். கொஞ்சம் பேருக்கே வரும் நோய்க்கு மருந்து செய்தால் லாபம் கிடையாது, கம்பெனிகள் தொடமாட்டார்கள். அதனால் செய்ய முன்வருகிறவர்களுக்கு அந்த நாட்டு அரசு வரியில் சலுகையும் சில வருஷத்துக்கு விற்கும் தனி உரிமையும் தரும். அதற்குத்தான் இந்தத் தகுதி. மருந்து வேலை செய்யும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

"சரி. நம்பர் போட்டாச்சு. அப்படித்தான?"

"மருந்துக்குத்தான்க்கா. பிள்ளைகளுக்கு இல்ல."

"மொதல்ல சொவத்துக்குத்தான் நம்பர் போடுவான். பொறவுதான் ஆள எண்ணுவான்."

"அந்தச் சோதனை இந்தியாவுல நடக்கவே இல்லக்கா."

"இப்ப நடக்கல. நடக்கும்போது யார எடுப்பான்? அதப் போட்டிருக்கானா?"

போட்டிருந்தது. நான் யோசிக்காமல் வாசித்தேன். வயது, எடை, இரத்த அளவு, பிறகு ஒரு வரி: கடைசி மூன்று வாரத்தில் வேறு புற்றுநோய் மருந்து எதுவும் எடுத்திருக்கக் கூடாது.

"அத மட்டும் மறுபடி வாசி."

வாசித்தேன். அவள் தலையாட்டிவிட்டுச் சட்டைக் குவியலுக்குத் திரும்பினாள். கட்டர் டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்தது.

அவள் கேட்டதற்காக அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று மெஷின் அனுப்பும் பதில் உடனே வந்தது. அதையும் மூன்று பிரதி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு வாரம் சுதன் நன்றாக இருந்தான். வாந்தி இல்லை. தட்டு நிறையச் சோறு சாப்பிட்டான். மொட்டைத் தலையில் பூனைமுடி அரும்பியது. ஒருநாள் பட்டறைக்கு வந்து, துணிக் கட்டுகள் மேல் ஏறிக் குதித்தான். "ஏலே, எறங்குல! மாமா சட்டையெல்லாம் கசக்கிப் போடுத" என்று அவள் அதட்டினாள். அதட்டும்போதே முகம் மலர்ந்திருந்தது. என் மாமா எல்லோருக்கும் டீ சொன்னார். அன்று எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் முட்டி வலிக்கிறது என்றான். பிறகு வலது கண்ணைச் சுற்றி நீலம் பூத்தது. "கட்டில்ல முட்டியிருப்பான்" என்றார் நயினார். அவள் என்னிடம் வந்து, "மெயில் வந்துச்சா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டாள். காலையில் கேட்டாள். மத்தியானமும் கேட்டாள்.

ஸ்கேன் நாளில் நயினார் டெம்போவை எடுக்க வேண்டியிருந்தது. நான் கூடப் போனேன். டாக்டர் படத்தைத் திரையில் நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். கண் பக்கம் ஒன்று, தொடை எலும்பில் ஒன்று. முந்தைய படத்தில் இரண்டும் இல்லை.

"மாத்திரை ஒருநாள்கூட விடாமல் கொடுத்தீங்களா?" இந்தியில் கேட்டார்.

"ஹாங், டாக்டர் சாப்."

சொல்லும்போது மேஜைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டர், பக்கத்திலிருந்த ஜூனியர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார், ஜூனியர் எழுத ஆரம்பித்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன எழுதுதாவ?"

"மாத்திரை கேக்கலைன்னு எழுதுறாங்கக்கா. அத நிறுத்திடச் சொல்றாரு. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து."

"கேக்கலைன்னா?"

"ஆமா."

என் கையை விட்டாள். "அது கேட்டுக்கிட்டுத்தான இருந்துச்சு" என்றாள் தமிழில், யாரையும் பார்க்காமல். பிறகு பைக்குள் கைவிட்டு, ஒரு மாத்திரைகூடப் பிரிக்காத அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இருபத்தாறு நாள் குடுக்கல, சாப்" என்றாள் இந்தியில். "மூணு வாரம் வேற மருந்து எதுவும் சாப்பிடாம இருந்தாத்தான் புது மருந்துக்கு எடுப்பாங்கன்னாங்க. திடீர்னு வந்து கூப்பிட்டா, இவன் தயாரா இருக்கணும்ல?"

ஜூனியரின் பேனா நின்றது. டாக்டர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"நான்தான் வாசிச்சுக் காட்டினேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அப்படிப் பிள்ளைகளைக் கூப்பிடும் பட்டியல் எங்குமே இல்லை என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். ஜூனியரை, எழுதியதை அடிக்கச் சொல்லிவிட்டு, மாத்திரையை இன்றே திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார்.

"மறுபடி அடங்குமா, சாப்?"

"தெரியாதும்மா. ஒருமுறை விட்டால் சில சமயம் பிறகு கேட்காது. ஆறு வாரத்தில் பார்ப்போம்."

சுதன் வெளியே பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். நடந்தால் வலித்தது. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தாள்.

"யம்மா, இது இனி வேண்டாம்னு சொன்னேல்லா?"

"சொன்னேன்."

"அப்ப எனக்குச் சரியாவலையா?"

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். திறக்க வரவில்லை. என்னிடம் நீட்டினாள். நான் திறந்து கொடுத்தேன்.

"வாயத் தொற" என்றாள்.