விடுபட்ட சுருள்

மொபெட்டின் பின்னிருக்கையில் கயிற்றால் இறுகக் கட்டப்பட்ட படப்பெட்டியை நினைத்தால் எனக்கு வெகுகாலம் சினம் மூண்டது. எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திரையரங்கும் ராஜபாளையத்துத் திரையரங்கும் ஒரே பிரதியை மாற்றி மாற்றி ஓட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடிமுடிந்த சுருள்கள் அந்தத் தகரப்பெட்டியில்தான் ராஜபாளையம் வந்து சேரும்.

அப்படி ஒருமுறை வந்தது, தமிழ் பேசவைக்கப்பட்ட ஓர் அயல்நாட்டுப் போர்ப்படம். எல்லைப் போரில் பின்வாங்கிய படைப்பிரிவிலிருந்து உயிரோடு ஊர் திரும்பியவர் என் சித்தப்பா. மேலதிகாரியின் கட்டளைப்படியே திரும்பினோம் என்று அவர் சொன்னதை, சித்தியின் அண்ணனான மாமா ஒருநாளும் ஏற்றதில்லை. விருந்துதோறும், "ஓடியாந்த மாப்பிள்ளைக்குக் கால் வலிக்கும், இன்னும் ரெண்டு கறித்துண்டு வையிங்க" என்பார். பந்தி சிரிக்கும். சித்தி தலைகுனிந்து பரிமாறுவார்.

சித்தப்பா அப்படத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துவிட்டு வந்து எனக்கு விவரித்தார். அதில் இரு தளபதிகள். ஒருவர் வரைபடத்தில் குன்றுகளை மட்டுமே காண்பவர். மற்றவர் குன்றின்மேல் நிற்கும் ஆட்களையும் காண்பவர். பின்வாங்கும் படை மரப்பாலத்தைக் கடந்து முடியும்வரை பின்னவர் மழையில் நிற்கிறார். பிறகு தொப்பியைக் கழற்றி, "இவர்கள் ஓடவில்லை, திரும்பச் சொன்னவன் நான்" என்கிறார். தலைமையின் தகுதியைத் தோல்வியில் வைத்து அளந்த அக்காட்சிக்கு நிகரான வேறொன்றை நான் அறியேன்.

"வாங்க மச்சான், ஒண்ணு காட்டுதேன்" என்று மாமாவை ராஜபாளையத்துக்கு அழைத்துப் போனார் சித்தப்பா. சித்தியும் நானும் உடன் சென்றோம். திரையில் பாலம் தெரிந்தது. அடுத்த நொடி வெற்றி முரசு. நடுவிலிருந்த சுருளையே காணோம். போய்க் கேட்டதற்கு மேலாளர், "அடுத்த ஆட்டத்துக்குப் பெட்டி திரும்பப் போகணும்ல, அதான் ஒரு ரீல ஓட்டாம விட்டுட்டோம். சண்ட இல்லாத ரீலுக்கு எவன் விசிலடிக்கான்?" என்றார்.

"இதுக்கா மாப்பிள்ள இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீரு? படத்துலயும் உம்ம ஆளுக ஓடத்தான செய்யுதாங்க" என்றார் மாமா. அதன்பின் எவர் வீட்டுப் பந்தியிலும் சித்தப்பா அமரவில்லை.

தொண்ணூறுகளில், அவர் மறைந்தபின், அப்படம் தொலைக்காட்சியில் முழுமையாக வந்தது. சித்தி வீட்டில் எல்லோரும் பார்த்தோம். தளபதி பேசி முடித்ததும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பம் மாப்பிள்ள சொன்னது நெசந்தாம் போல."

சித்தி எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தார். "கட்டுன மனுசன் ஆயுசு பூரா சொன்னாவ. ஒரு நடிகன் வந்து சொல்லணுமாக்கும் ஒனக்கு. எந்திரிச்சுப் போண்ணே."

அதுவரை அந்தப் படப்பெட்டியைத்தான் வெறுத்துக்கொண்டிருந்தேன். பாவம், அது வெறும் தகரம்.