டச்சுக்காரர் வீட்டுச் சாஸேஜும் நான் வாங்காத கூலியும்

அந்தச் சனிக்கிழமை பகலில் டச்சுக்காரரின் கராஜில் இருந்தவர்கள் மூன்று பேர். எண்பதைத் தாண்டிய அவர், அவருக்குக் குடலில் கறி அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான், என்னைத் தேடி வந்த என் மனைவி. வேறு யாருமில்லை. யாராவது பார்த்திருப்பார்களோ என்று பிறகு பல நாள் எண்ணி எண்ணிப் பார்த்ததால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். பெருந்துறையில் கறிக்கடை வைத்திருந்தேன். மனைவி என் அக்கா மகள்; படித்தவள், ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு, ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரான கேட்டிக்கு வந்தேன். என்னுடையது ஹெச்-ஃபோர் விசா; அதில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. காலை ஏழு மணிக்கு அவள் கார் கிளம்பினால் தெருவில் கராஜ் கதவுகள் எல்லாம் இறங்கிவிடும். அடுப்பை அணைத்தேனா என்று நான்கு முறை பார்ப்பேன். கிரீன் கார்டு பற்றிக் கடிதம் வந்திருக்குமோ என்று தபால்காரர் வருமுன்பே பெட்டியைத் திறந்து பார்ப்பேன். சாயங்காலம் வரை பேச ஆளிருக்காது.

பக்கத்து வீட்டு டச்சுக்காரர் ஒரு நாள் வேலிக்கு மேலாக நூல்கண்டைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டார். அவருக்கு விரல் நடுக்கம், முடிச்சு விழவில்லை. எனக்குக் கறிக்கடைக் கை. சனிக்கிழமைதோறும் அங்கே போவது அப்படித்தான் தொடங்கியது. பன்றிக்கறியும் கொழுப்பும் கொரகொரவென்று அரைத்து, உப்பு, மிளகு, ஜாதிக்காய், கொத்தமல்லி விதைப் பொடி சேர்ப்பார். கொத்தமல்லி வாசனை வந்ததும் நான் குனிந்து இன்னொரு முறை முகர்ந்து பார்ப்பேன். குடலில் அடைத்து, இரண்டு முனையையும் ஒரே நூலில் கட்டினால் சாஸேஜ் லாடம்போல் வளையும். ஓரிரவு உலரவிட்டு, ஓக் மரச் சீவலின் மெல்லிய புகையில் தொங்கவிடுவார். வெந்ததா என்று நான் புகைப்பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பேன். மரக்கரண்டியால் என் கையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

சாப்பிடும் முன் அதை வெந்நீரில் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி வைக்க வேண்டும். கொதிக்கக் கூடாது. எனக்கு அது ஆகவில்லை. நம் ஊரில் கறி என்றால் ஆறு விசிலாவது வேண்டாமா? வயதானவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தச் சனிக்கிழமை, போன வாரம் புகை போட்ட இரண்டை வெந்நீரில் போட்டிருந்தார்; அவர் திரும்பிய நேரம் பார்த்து அடுப்பைப் பற்றவைத்துக் கொதிக்கவிட்டேன். ஒன்றின் தோல் டப்பென்று வெடித்து, சாறெல்லாம் தண்ணீரோடு போனது. அப்போதுதான் மனைவி உள்ளே வந்தாள்.

"ஏனுங் மாமா, வீட்ல தின்ன தட்டக்கூட எடுத்து வைக்க மாட்டீங்க. இங்க வந்து குடல் கழுவறீங்களா?"

"சும்மா இரு புள்ள. கூடமாட ஒத்தாசை."

டச்சுக்காரர் கோபிக்கவில்லை. கீரை சேர்த்து மசித்த உருளைக்கிழங்கின் மேல் வெடித்ததைத் தன் தட்டிலும் முழுசாக இருந்ததை என் தட்டிலும் வைத்தார். பக்கத்தில் கொஞ்சம் கடுகு விழுது. பிறகு ஒரு கவரை நீட்டினார்.

"மாமா, கைய நீட்டாதீங்க. ஹெச்-ஃபோர்ல சம்பளம் வாங்கினீங்கன்னா என்ற கிரீன் கார்டும் சேந்து போயிருமுங்க."

"நான் கேக்கவே இல்ல. அவரா குடுக்கறாரு."

அவள் இங்கிலீஷில் விளக்கினாள். அவர் கேட்டுவிட்டு, சுவரிலிருந்த காலண்டரில் பென்சிலால் ஏதோ எழுதினார்.

"என்ன எழுதறாரு?"

"உங்க கணக்குங்க. இருபது டாலர் மேனிக்கு ஏழு சனிக்கிழமை. கார்டு வந்ததும் குடுத்தர்றாராமா."

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. காசு வாங்காமல் போனால் தப்பில்லை என்று அவளே சொன்னாள். ஆனால் எழுதி வைத்திருக்கிறாரே, அந்தக் காலண்டரை யாராவது பார்த்தால்? வேலிக்கு மேல் புகை வந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் புகை வரவில்லை.

வசந்தத்தில் அவர் மகள் வந்து அவரை மிச்சிகனுக்குக் கூட்டிப்போனாள். கிளம்பும் முன் கதவைத் தட்டி, ஒரே ஒரு சாஸேஜையும் கிழித்த காலண்டர் தாளையும் என் கையில் வைத்தார். தாளை அரிசி டப்பாவின் அடியில் ஒளித்தேன். மனைவி பன்றிக்கறி தொட மாட்டாள். தண்ணீரைச் சுடவைத்து, சாஸேஜைப் போட்டு, அடுப்பை அணைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். தோல் வெடிக்கவில்லை. தனியாகச் சாப்பிட்டேன்.

கார்டு இன்னும் வரவில்லை. எனக்கு வர வேண்டியது நூற்று நாற்பது டாலர்.